பதில் கடமை

டிசம்பர் முப்பத்தொன்று. கரண்ட் இல்லை.
மண்டூர்த் துறையில் படகு ஓடாது என்று
குருமண்வெளியிலிருந்து புவிதரன் போன் எடுத்தான்.
தபால் பை அக்கரையில், அவனும் அக்கரையில்.
இக்கரையில் நான், மெழுகுதிரி,
வருடாந்த அறிக்கைப் படிவம்.

அனுமதிக்கப்பட்ட ஆளணி: ஏழு.
கடமையில் உள்ளோர்: நான்கு.
வெற்றிடம் என்ற கட்டத்துக்குள்
மூன்று என்று பென்சிலால் எழுதினேன்.
வெற்றிடத்தையும் நிரப்பத்தான் வேண்டுமாம்.

என் பதவிக்கு முன்னால்
ஆறு வருசமாக ஒரு சொல் நிற்கிறது.
பதில் தபாலதிபர்.
நிரந்தரமாக்கச் சொல்லி நான் போட்ட கடிதங்கள் ஒன்பது.
ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒப்படைத்த பதிவுத்தபால் இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
அதில் நகை ஏல அறிவித்தல் நானூற்றாறு.
படிவம் இதைக் கேட்கவில்லை,
எண்ணியது நான்.
ஒரே வளவுக்கு மூன்றும் போயிருக்கிறது:
தாய்க்கு ஒன்று, மகளுக்கு ஒன்று,
பிணை நின்ற பக்கத்து வீட்டுக்கு அடுத்த கிழமை ஒன்று.

தாமதத்துக்கான காரணம்:
வெள்ளம், வாகனப் பழுது, வேலைநிறுத்தம், வேறு.
வேலைநிறுத்தம் ஏழு நாள்.
சம்பளத்தில் வெட்டியது எட்டு நாள்.
எட்டாவது ஞாயிற்றுக்கிழமை.
'வேறு' என்பதற்கு எதிரே யானை என்று எழுதினேன்.
போன வருடமும் எழுதி
விளக்கம் கோரி வந்தது.
பாலையடிவட்டைப் பாதையில் நாலு மணிக்குப் பிறகு
சைக்கிள் மணிக்கு விலகுகிற ஆள் இல்லை அது என்று
மூன்று பிரதிகளில் விளக்கினேன்.

புவிதரனுக்கு இந்தப் படிவத்தில் இடமில்லை.
அவன் பதிலாள். நாட்கூலி.
போயாவுக்குக் கூலி இல்லை, மழைக்கோட்டு இல்லை.
புதிதாகப் பூட்டிய விரலடையாள இயந்திரத்தில்
தினமும் பகிடிக்குப் பெருவிரலை வைப்பான்.
மீண்டும் முயற்சிக்கவும் என்று அது சிங்களத்தில் சொல்லும்.
"பதினொரு வருசமா அதத்தானே மிஸ் செய்யிறன்."

கார்த்திகையில் ஒருநாள் பைக்குள்
அவன் பெயருக்கே ஒரு பதிவுத்தபால்.
கொழும்பு முத்திரை.
தகவலுக்காக என்று எனக்கும் ஒரு பிரதி.
அவன் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருக்க
நான் வாசித்து முடித்திருந்தேன்:
வயதெல்லையை நான்கு மாதங்களால்
தாண்டியுள்ளமையால்.

"இஞ்சயே கையெழுத்து வைச்சு எடுங்க" என்றேன்.
"ஒழுங்குப்படி போகட்டும் மிஸ்.
என்ட வீடு கடைசி வளவு."

பையின் அடியில் வைத்தான்.
இருபத்தாறு கிலோமீற்றர்.
மற்றவர்களுடையவை குறையக் குறைய
அது மேலே வந்துகொண்டிருந்திருக்கும்.

மறுநாள் எட்டு மணிக்கு முன்னரே வந்துவிட்டான்.
பற்றுச்சீட்டுக் கட்டில் கடைசித் துண்டு.
ஒப்படைத்தவர் கையொப்பம்,
பெற்றவர் கையொப்பம்.
இரண்டும் ஒரே கை.
இரண்டாவது மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது.
நான் கேட்கவில்லை.
அவன் அன்று இயந்திரத்தில் விரல் வைக்கவில்லை.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு என்பது
அதையும் சேர்த்துத்தான்.

திரும்பவும் போன்.
பை நனையவில்லை, தன் சேட்டைக் கழற்றி மூடியிருக்கிறானாம்.
படகு விடியத்தான்.
இந்த இரவுக்குக் கூலி உண்டா என்று
எந்தச் சுற்றறிக்கையிலும் நான் கண்டதில்லை.

அழிறப்பரைத் தேடி எடுத்தேன்.
கடமையில் உள்ளோர்: ஐந்து.
வெற்றிடம்: இரண்டு.
இம்முறை பேனையால்.

ஐந்தாமவர் யார் என்று
விளக்கம் கோரிக் கடிதம் வரும்.
வரட்டும்.
அவன்தானே கொண்டுவருவான்.